அந்தச் சிவப்புக் கோடுகளை அழித்துவிடுங்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

எட்டாம் நிலை மாணவன் ஒருவன் எழுதிய ஐந்து நிமிடப் பேச்சைப் போன வாரம் நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். இரண்டு பத்திகளின் மேல் சிவப்புக் கோடு. ஒன்றின் ஓரத்தில் "சூதாடி, கொலை, தூக்கு: பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல" என்றும் இன்னொன்றின் ஓரத்தில் "தோற்றுப்போனவர், இதில் என்ன ஊக்கம்?" என்றும் எழுதியிருந்தது. அடியில் ஒரு வரி: யாருக்கும் தெரியாத இவரை விட்டுவிட்டு லிங்கனைப் பற்றிப் பேசலாமே. அவனுக்கு இரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. ஒத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவன் எடுத்துக்கொண்ட மனிதர் எட்வர்ட் டிக்கின்சன் பேக்கர். நாம் குடியிருக்கும் இந்த ஓரிகன் மாநிலத்தின் செனட்டராக இருந்தவர். போர்ட்லாந்திலிருந்து 84-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே முந்நூறு மைல் போனால் பேக்கர் சிட்டி வரும். பாய்சி பக்கம் காரில் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள், நம்மில் பலர் அங்கே பெட்ரோல் போட்டு, டீ வாங்கிக் குடித்துவிட்டும் போயிருப்போம். அந்த ஊருக்கும் மாவட்டத்துக்கும் அவர் பெயர்தான். பிப்ரவரி 24, அவர் பிறந்த நாள், ஓரிகனில் பேக்கர் நாள். அந்த ஊர்ப் பலகையைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "இது யார் பேர்?" என்று கேட்டவன் இந்த மாணவன்தான், அப்பாவுக்கும் தெரியவில்லை என்றதும் வீட்டுக்கு வந்து நூலகத்தில் தேடத் தொடங்கினான். நம் பள்ளியில் நான் பார்த்தவரை, ஒரு பிள்ளை தானாகத் தேடிப் படித்துத் தமிழில் எழுதிய முதல் பேச்சு இது. மற்றதெல்லாம் நாம் எழுதிக் கொடுத்து அவர்கள் மனப்பாடம் செய்தவை. எனக்கும் அதில் பங்குண்டு.

லிங்கனைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். சரி, லிங்கனிடமிருந்தே தொடங்குகிறேன். 1846-ல் பிறந்த தன் இரண்டாவது மகனுக்கு லிங்கன் வைத்த பெயர் எட்வர்ட் பேக்கர் லிங்கன். தன்னோடு ஒரே ஊரில் வக்கீல் தொழில் செய்த, காங்கிரஸ் தேர்தலில் நிற்பதற்குத் தன்னோடு போட்டி போட்டு ஜெயித்தும் விட்ட ஒரு நண்பனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார். பதினைந்து வருடம் கழித்து, 1861 மார்ச் 4-ஆம் தேதி, லிங்கன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற அன்று கூட்டத்துக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தவரும் அதே பேக்கர்தான். லிங்கனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாலும் இந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது.

அவர் பிறந்தது லண்டனில், 1811-ல். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோர் கப்பல் ஏறிப் பிலடெல்பியாவுக்கு வந்தார்கள். அங்கே சிறுவன் தறியில் வேலை பார்த்தான். பிறகு இந்தியானா, அதன்பின் இல்லினாய். அந்தக் காலத்தில் இல்லினாய்தான் எல்லைப்புறம், சட்டக் கல்லூரி என்று எதுவும் பக்கத்தில் கிடையாது. மாநிலத்தின் ஆளுநராக இருந்த நினியன் எட்வர்ட்ஸ் தன் வீட்டுச் சட்டப் புத்தகங்களைப் படித்துக்கொள்ள விட்டார், அதைப் படித்தே பத்தொன்பது வயதில் வக்கீலானார். அமெரிக்காவில் பிறக்காதவன் குடியரசுத் தலைவர் ஆக முடியாது என்று அரசியல் சட்டத்தில் படித்த அன்று சிறுவன் பேக்கர் உட்கார்ந்து அழுதான் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, நம் மாணவன் அதைத் தன் பேச்சில் வைத்திருக்கிறான். அவன் பிறந்தது கோயம்புத்தூரில். மூன்று வயதில் இங்கே வந்தவன். அந்த வரியை வகுப்பில் வாசித்தபோது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது, மற்ற பிள்ளைகளும் பேசாமல் இருந்தார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். தமிழுக்குத் தொடர்பில்லாத பேச்சு என்று உங்களில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். அன்று அந்த வகுப்பில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இனி முதல் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

பேக்கர் 1852-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். தங்கத்துக்காக நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த ஊர். 1855 நவம்பரில் சார்லஸ் கோரா என்ற சூதாட்டக்காரர், வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற மத்திய அரசு மார்ஷலைத் தெருவில் சுட்டுக் கொன்றார். சண்டையின் தொடக்கம் ஒரு நாடகக் கொட்டகையில். கோராவோடு வாழ்ந்த பெல் என்ற பெண் தங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாமா என்று மார்ஷலின் தரப்பு முறைத்துக்கொண்டது. ஊரே கோராவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது, பத்திரிகைகள் தினமும் அவர் தலையைக் கேட்டன. பெல் பணம் கொடுத்து பேக்கரை வக்கீலாக வைத்தார். தற்காப்புக்காகச் சுட்டது என்று பேக்கர் வாதாடினார், ஊர் ஒதுக்கிவைத்த அந்தப் பெண் தன் மனிதனைக் கடைசிவரை கைவிடவில்லை என்பதையும் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். ஜூரி ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. மறு விசாரணை நடந்திருக்க வேண்டும். ஆனால் 1856 மே மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியரை வேறொருவன் சுட, ஊரில் கிளம்பிய விழிப்புக் குழு என்ற ஆயுதக் கூட்டம் சிறையைச் சூழ்ந்து, அவனோடு கோராவையும் சேர்த்து வெளியே இழுத்துப் போய்த் தூக்கில் போட்டது.

இந்தப் பத்தியை எழுதும்போது அவன் ஒரு சொல்லுக்குத் தடுமாறினான். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டான். நான் அகராதி பார்த்து ஒன்று சொன்னேன், அவனுக்கு அது ஒட்டவில்லை. அன்று இரவு ஊரில் இருக்கும் பாட்டியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான். பாட்டி சொன்னாராம்: "கூண்டுல நிக்கிறவனுக்காகப் பேசுற வக்கீல்." அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தான். "ஊரே கத்தும்போது கூண்டில் நிற்பவனுக்காகப் பேசிய வக்கீல் பேக்கர்." நீங்கள் கோடு போட்ட பத்தியின் முதல் வரி இது. பதின்மூன்று வயதுப் பையன் எழுதிய வரி. இதைவிட நல்ல வரியை நான் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

பெல் என்ன தொழில் செய்தார் என்பது அந்தப் பேச்சில் இல்லவே இல்லை, "கோராவின் துணைவி" என்று மட்டும்தான் இருக்கிறது. கொலையும் தூக்கும் பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் சென்ற வருட விழாவில் கட்டபொம்மன் நாடகம் போட்டோமே, கயத்தாற்றில் தூக்குக் கயிற்றோடுதானே அது முடிந்தது? அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. மூன்றாம் நிலைக் குழந்தைகள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

கோரா வழக்கை வெட்டினால் அதற்கு அடுத்து வருவது நிற்காது. 1858-ல் ஆர்ச்சி லீ என்ற கறுப்பின இளைஞர். மிசிசிப்பியிலிருந்து ஸ்டோவால் என்பவர் அவரை அடிமையாகக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிவந்து, கூலிக்கு அனுப்பி, பிறகு திரும்ப மிசிசிப்பிக்கு அனுப்பிவைக்கப் பார்த்தார். ஆர்ச்சி லீ தப்பித்து ஒளிந்தார். கலிபோர்னியா அரசியல் சட்டம் அடிமை முறையைத் தடை செய்திருந்தது. இருந்தும் மாநில உச்ச நீதிமன்றம், ஸ்டோவால் இளைஞர், உடல்நிலை சரியில்லாதவர், சட்டம் தெரியாமல் வந்துவிட்டார் என்று காரணம் சொல்லி ஆர்ச்சி லீயை அவர் கையிலேயே ஒப்படைக்கச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் பீட்டர் பர்னெட். அந்தப் பெயரை ஓரிகனில் இருக்கும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவுக்குப் போகும் முன் அவர் இங்கேதான் இருந்தார். 1844-ல் கறுப்பின மக்கள் இந்த மண்ணில் தங்கக்கூடாது, தங்கினால் சாட்டையடி என்று சட்டம் கொண்டுவந்ததில் முன்னால் நின்றவர் அவர். 1857-ல் எழுதிய ஓரிகன் அரசியல் சட்டத்திலும் அப்படி ஒரு விலக்கு இருந்தது, அதை நீக்க 1926 ஆனது. நான் இந்த மாநிலத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இதை எனக்குச் சொன்னது என் மாணவன். வெட்கமாக இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பின மக்கள் விடவில்லை, பணம் திரட்டி மறுபடி வழக்காடினார்கள். ஆர்ச்சி லீயின் தரப்பில் நின்ற வக்கீல்களில் பேக்கரும் ஒருவர். ஏப்ரலில் ஆர்ச்சி லீ விடுதலையானார், அங்கிருந்து கனடாப் பக்கம் விக்டோரியாவுக்குப் போய்விட்டார். சூதாடிக்காக நின்ற அதே வாய்தான் இவருக்காகவும் பேசியது. முதலாவதை வெட்டிவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்தால், நல்லவனுக்கு மட்டும்தான் வக்கீல் வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பையன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தெரியாமல் செய்ததல்ல.

அப்புறம் பேக்கர் ஓரிகனுக்கு வந்த கதை. இதில் அவரைத் தூக்கிப் பிடிக்க எனக்கும் மனம் இல்லை. 1859-ல் கலிபோர்னியாவில் காங்கிரஸுக்கு நின்று தோற்றார். அடுத்த வருடமே குடும்பத்தோடு இங்கே ஓரிகன் தலைநகர் சேலத்துக்கு வந்து வீடு பார்த்தார், அக்டோபரில் சட்டமன்றம் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. பதவிக்காகத்தான் வந்தார் என்று அன்றே பேசிக்கொண்டார்கள், அது பொய்யுமல்ல. இளம் வயதில் இல்லினாய் மண்ணின் பூர்வகுடிகளுக்கு எதிரான 1832-ஆம் ஆண்டுப் போருக்குத் தன்னார்வலராகப் போனவர்களிலும் அவர் ஒருவர். மாணவன் இதையெல்லாம் மறைக்கவில்லை, இரண்டு வரியில் சொல்லியிருக்கிறான். அந்த இரண்டு வரியை நீங்கள் விட்டுவைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

இரண்டாவது கோடு, பேக்கர் இறந்த பால்ஸ் பிளஃப் சண்டையைப் பற்றிய பத்தியின் மேல். "தோற்றுப்போனவர்" என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பேக்கர் செனட் பதவியை விடாமலே கர்னலாகப் படையில் சேர்ந்தார். தன் படைக்குப் பெரும்பாலும் ஆள் திரட்டியது பிலடெல்பியாவில், சின்ன வயதில் தறி ஓட்டிய அதே ஊரில். 1861 ஆகஸ்டில் சீருடையோடு செனட்டுக்கு வந்து, போரை எதிர்த்துப் பேசிய கென்டக்கி செனட்டருக்கு அங்கேயே பதில் சொன்னார். அக்டோபர் 20-ஆம் தேதி வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனைப் பார்த்தார். புல்தரையில் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, லிங்கனின் மகன் வில்லி பக்கத்தில் உதிர்ந்த இலைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். மறுநாள் பேக்கர் பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாக் கரைக்குப் போனார். படகுகள் போதவில்லை. பின்னால் செங்குத்தான பாறை, அதன் அடியில் ஆறு, முன்னால் எதிரி. அன்று மாலை குண்டடிபட்டு இறந்தார். பாறைச் சரிவில் ஓடி இறங்கிய வீரர்களைச் சுமக்கப் படகு இல்லை, பலர் ஆற்றில் மூழ்கினார்கள். சில உடல்கள் வாஷிங்டன் வரை மிதந்து வந்தன. கடந்து போனவர்களில் பாதிக்கு மேல் செத்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். பதவியில் இருக்கும்போதே போர்க்களத்தில் இறந்த ஒரே அமெரிக்க செனட்டர் பேக்கர். செய்தி கேட்டுத் தந்தி அலுவலகத்திலிருந்து வெளியே வந்த லிங்கன் கண்ணீரோடு தடுமாறி நடந்ததை நேரில் பார்த்த பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். பத்து வயது வில்லி ஒரு கவிதை எழுதினான், அது செய்தித்தாளில் வந்தது. நான்கு மாதத்தில் அவனும் காய்ச்சலில் போய்விட்டான்.

தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியின் முக்கியமான வரிகள் வேறு. படகுகள் எத்தனை என்று பார்க்காமல் ஆட்களைக் கடக்க வைத்ததில் பேக்கரின் அவசரம் இருந்தது. கடப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கு விட்ட மேலதிகாரி ஜெனரல் சார்லஸ் ஸ்டோன். இறந்தவர் செனட்டர், பெரிய பேச்சாளர், குடியரசுத் தலைவரின் நண்பர். அவர் மேல் பழி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழு போட்டது, 1862 பிப்ரவரியில் ஸ்டோனைக் கைது செய்து, குற்றச்சாட்டு என்னவென்றே சொல்லாமல் 189 நாள் அடைத்து வைத்தார்கள். கடைசிவரை வழக்கு எதுவும் போடவில்லை. மாணவன் எழுதியிருப்பது: "தவறில் பெரிய பங்கு பேக்கருடையது. ஜெயிலுக்குப் போனவர் ஸ்டோன். அவருக்காகப் பேச அப்போது ஒரு பேக்கர் இல்லை."

இந்த மூன்று வரியையும் சேர்த்துத்தான் கோடு போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கடைசிவரை படித்தீர்களா, இல்லை தோல்வி என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. தனக்குப் பிடித்த மனிதரின் தப்பைத் தானே எடுத்துச் சொல்லி, அந்தத் தப்பால் அடிபட்ட இன்னொருவரின் பக்கம் நின்று ஒரு பிள்ளை பேசுகிறான். நம் மேடையில் நான் கேட்ட பேச்சுகளில், பெரியவர்கள் பேசியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இது அபூர்வம்.

கோடு போட்ட தாளை அவனிடம் நான்தான் கொடுத்தேன். வாங்கி இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "லிங்கன் பேச்சை நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சர், நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். பள்ளிக்கூடம் முடிந்து எல்லாரும் கார் ஏறுகிற நேரத்தில் வாகன நிறுத்தத்தில் நின்று சத்தம் போட்டுப் பழகுகிற பையன், போன சனிக்கிழமை நேராகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். நீங்கள் எல்லாரும் சம்பளம் இல்லாமல், வார இறுதித் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தப் பள்ளிக்காக உழைக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பே, நம் பிள்ளைகள் தமிழில் யோசித்துத் தமிழில் பேச வேண்டும் என்பதற்குத்தானே? அவன் யோசித்துவிட்டான்.

நான் கேட்பது இவைதான். பேக்கர் பேச்சை விழா நிகழ்ச்சி நிரலில் திரும்பச் சேருங்கள், ஐந்து நிமிடமும் முழுதாக அவனுக்கே கொடுங்கள். கோரா வழக்கும் பால்ஸ் பிளஃப் தோல்வியும் ஸ்டோனைப் பற்றிய வரிகளும் அவன் எழுதியபடியே இருக்கட்டும். இலக்கணப் பிழை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், உட்கார்ந்து திருத்திக்கொள்கிறோம். சின்னக் குழந்தைகள் கேட்பதில் உங்களுக்கு உண்மையிலேயே தயக்கம் இருந்தால், அவர்கள் நடனம் முடிந்து சாப்பிடப் போகும் நேரத்தில் இந்தப் பேச்சை வையுங்கள், அதற்கு எனக்கு மறுப்பில்லை. இனி எந்த மாணவரின் பேச்சிலும் கோடு போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் இதை எழுதினாய் என்று ஒரு தடவை கேளுங்கள், அதைக் குழுவின் விதியாகவே எழுதி வையுங்கள். வரும் சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். அதை என்னிடம் கொடுத்து அனுப்பாமல், உங்களில் ஒருவராவது ஆறாம் எண் அறைக்கு வந்து அவனிடமே நேரில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் நிலை ஆசிரியை